புற்றுநோயைத் தடுக்க வைட்டமின், தாது மாத்திரைகள் சாப்பிடலாமா?

பவானிக்கரை எழுதிய கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் கடந்த ஆண்டு உணவுக்குழாய்ப் புற்றுநோயால் காலமானார். நோய் தெரியவந்தபோதே அது பரவிவிட்டிருந்ததால், மருத்துவர்களால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. அதன் பிறகு, தனக்கும் இந்த நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் என் கணவரை விட்டு அகலவில்லை. அவருக்கு 48 வயது. சிகரெட்டைக் குறைத்திருக்கிறாரே தவிர முற்றிலும் விடவில்லை.

இந்த அச்சத்தை அறிந்த உறவினர் ஒருவர், நேரடி விற்பனை முறையில் தாம் விற்றுவரும் சத்து மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாளுக்கு ஒன்று சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாது என்பது அவர் வாக்கு. டப்பாவின் மேல் ஒரு வில்லையில் பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐ.யு. (சர்வதேச அலகு), செலினியம் 200 மைக்ரோகிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. விலை அதிகம் என்றாலும் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இவை எல்லாம் காய்கறியிலும் கீரையிலும் இருக்கும் சத்துகள்தானே, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது அல்லவா என்று கணவர் கேட்கிறார். எனக்கு அதற்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. உடம்பு தேறுவதற்காக அவருக்கும் இதே மாத்திரையைக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இளவேனில் எழுதிய பதில்

சகோதரி, உங்கள் மனம் ஒப்பாமல் போனதற்கு வலுவான காரணம் இருக்கிறது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: புகைப்பழக்கம் உள்ள ஒருவர் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. பயன் இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதில் உள்ள பீட்டா கரோட்டின், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை அதிகரிக்கிறது என்பது இரண்டு பெரிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நான் பொது சுகாதாரம் படித்தவன். எங்கள் வகுப்பில் இந்த வரலாறு ஒரு பாடமாகவே இருந்தது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பல நாடுகளில் செய்யப்பட்ட கணக்கெடுப்புகளில், காய்கறியும் பழமும் மிகுதியாக உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு கூடுதலாக உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவது தெரிந்தது. ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட புகழ்பெற்ற ஆய்வாளர்களே 1981-ல், பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறைக்குமா என்பதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். கீரை உண்பவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவராகவும், குறைவாகக் குடிப்பவராகவும், மற்ற வகைகளிலும் உடலைப் பேணுபவராகவும் இருப்பார். எனவே அவரைக் காப்பது கீரையில் உள்ள ஒரு பொருளா, அவருடைய வாழ்க்கை முறை முழுவதுமா என்பதைக் கணக்கெடுப்பை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. குலுக்கல் முறையில் மக்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரையும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் அது தெரியும்.

அப்படிப்பட்ட ஆய்வு பின்லாந்தில் 1985-ல் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்கள், அனைவரும் புகைப்பவர்கள், அதில் சேர்க்கப்பட்டார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, அல்லது இரண்டும், அல்லது வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. முடிவுகள் 1994-ல் வெளிவந்தபோது ஆய்வாளர்களே திகைத்துப் போனார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மொத்த இறப்பும் 8 விழுக்காடு கூடியிருந்தது. உங்கள் வீட்டு டப்பாவில் உள்ளதும் அதே 20 மில்லிகிராம்தான் என்பதைக் கவனியுங்கள்.

இது தற்செயலாக இருக்கலாம் என்று அப்போது சிலர் கருதினார்கள். ஆனால் அமெரிக்காவில் அதே காலத்தில், புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த கேரட் என்னும் ஆய்வில், 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 ஐ.யு. வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் கூடியிருப்பது தெரிந்ததால், 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க மருத்துவர்களிடம் 12 ஆண்டுகள் நடந்த மற்றோர் ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை. ஆகவே ஆபத்து குறிப்பாகப் புகையோடு சேரும்போதுதான் எழுகிறது.

உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அந்தப் பின்லாந்து ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. ஆய்வு தொடங்கிய நாளில், மாத்திரை எதுவும் சாப்பிடுவதற்கு முன்பே, உணவின் வழியாக இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே மனிதர்களுக்கு அதே பொருளை மாத்திரையாகக் கொடுத்தபோது நோய் கூடியது. கீரையிலும் கேரட்டிலும் இந்தப் பொருள் நாருக்குள்ளே சிக்கி, வேறு நூற்றுக்கணக்கான பொருள்களோடு கலந்து, சிறிது சிறிதாக உடலில் சேர்கிறது. மாத்திரையிலோ தனித்துப் பிரிக்கப்பட்டு எளிதில் உறிஞ்சப்படுகிறது. பின்லாந்து ஆய்வில் இரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. புகை நிறைந்த நுரையீரலில் அந்த மிகுதியான பீட்டா கரோட்டின் சிதைந்து, திசுக்களின் இயல்பான வளர்ச்சியைக் குலைக்கும் பொருள்களாக மாறுகிறது என்பது விலங்கு ஆய்வுகள் காட்டும் விளக்கம்.

பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ போன்று ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து எதுவாக இருந்தாலும் அது புற்றுநோய்க்கு எதிரானது என்னும் எண்ணமும் முழு உண்மை அல்ல. உடல் தன்னிடம் கெட்டுப்போன செல்களை அழிப்பதற்கும் அதே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத்தான் பயன்படுத்துகிறது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான எலி ஆய்வில், நுரையீரலில் சிறு கட்டிகள் தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது கட்டிகள் விரைந்து வளர்ந்தன. மருந்து உடலின் நல்ல செல்களுக்குக் கவசமாவதைப் போலவே, ஏற்கெனவே முளைவிட்டிருக்கும் தீய செல்லுக்கும் கவசமாகிவிடுகிறது. 48 வயதில், பல ஆண்டுகள் புகைத்த ஒருவருடைய நுரையீரலில் அப்படி ஒரு செல்கூட இல்லை என்று யாராலும் உறுதி கூற முடியாது.

மருந்தாளுநர்_திருச்சி எழுதிய பதில்

இளவேனில் பீட்டா கரோட்டினைப் பற்றி எழுதிவிட்டார். டப்பாவில் உள்ள மற்ற இரண்டையும், மருந்துக்கடையில் நாங்கள் அன்றாடம் பார்க்கும் சிலவற்றையும் பற்றி நான் சொல்கிறேன்.

வைட்டமின் ஈ 400 ஐ.யு., செலினியம் 200 மைக்ரோகிராம் என்னும் இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு உடனே புரிந்தது. பின்லாந்து ஆய்வில் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1996-ல் அமெரிக்காவில் 1,312 பேரிடம், தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்று செலினியம் கொடுத்துப் பார்த்தபோது தோல் புற்றுநோய் குறையவில்லை, ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் குறைந்தது. இரண்டுமே தேடாமல் கிடைத்த முடிவுகள். அவற்றை உறுதிசெய்வதற்காகவே 2001-ல் செலக்ட் என்னும் ஆய்வு தொடங்கப்பட்டு, 35,533 ஆண்களுக்கு மிகச் சரியாக இதே அளவுகள் கொடுக்கப்பட்டன. பயன் எதுவும் தென்படாததால் 2008-ல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. 2011-ல் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது. பின்னர் வந்த ஆய்வில், உடலில் ஏற்கெனவே செலினியம் போதிய அளவு இருந்தவர்களுக்கு அதையே மேலும் கொடுத்தபோது வீரியம் மிக்க புராஸ்டேட் புற்றுநோய் கூடியதும் தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதே அளவுகளை ஒரு டப்பாவில் போட்டுப் புற்றுநோய்த் தடுப்பு என்று விற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் அறிந்த பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூலில் உள்ளதும் பெரும்பாலும் 400 மில்லிகிராம்தான். செயற்கை வைட்டமின் ஈ-யில் அது 400 ஐ.யு.வுக்குச் சமம். கால் நரம்பு இழுக்கிறது, முடி கொட்டுகிறது, முகம் பொலிவாக வேண்டும் என்று சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் ஆண்களுக்கு இந்த ஆய்வைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வைட்டமின் டி-யைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேருக்கு நாளுக்கு 2,000 ஐ.யு. வீதம் சுமார் ஐந்து ஆண்டுகள் கொடுத்த ஆய்வில் புற்றுநோய் வருவது குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 21,315 முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை 60,000 ஐ.யு. கொடுத்தார்கள். இங்கே சிறு பொட்டலமாகவோ கேப்ஸ்யூலாகவோ கிடைக்கும் அதே அளவு. அங்கேயும் இறப்பு குறையவில்லை. குறைபாடு இருந்து, எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் வாரம் ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்று எனச் சாப்பிட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அளவில் கவனம் வேண்டும்.

ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். குடலில் பாலிப் என்னும் சிறு கட்டி எடுக்கப்பட்டவர்களுக்கு, அது மீண்டும் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் நாளுக்கு 1 மில்லிகிராம் கொடுத்த ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. பாலிப் குறையவில்லை, பெரிதாக வளர்ந்த பாலிப்புகள் கூடின. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வில்லையோ 5 மில்லிகிராம். இதைப் படித்துவிட்டுக் கருவுற்ற பெண்கள் யாரும் ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடக் கூடாது. குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதில் அதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது.

உறவினர் சொன்ன வாக்கைப் பற்றி ஒன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய சத்து மாத்திரைகளின் டப்பாவில், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அச்சிட்டே தீர வேண்டும். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டமும் குற்றமாகவே கருதுகிறது. அதனால்தான் அந்த வாக்கு டப்பாவில் இருக்காது, விற்பவரின் வாயில் மட்டுமே இருக்கும்.

நெல்லைவாசகர் எழுதிய பதில்

மேலே எழுதிய இருவரும் மதிப்புக்குரிய செய்திகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் படம் ஒரு பக்கமாகவே வரையப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சீனாவின் லின்ஷியன் ஆய்வை இருவருமே சொல்லவில்லை. அங்கே சுமார் 30,000 பேருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் ஆகிய இதே மூன்றையும்தான் கொடுத்தார்கள். புற்றுநோய் இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. கேள்வி கேட்ட சகோதரியின் மாமனாருக்கு வந்த உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதியாக உள்ள ஊர் அது. அதேபோல, 14,641 அமெரிக்க மருத்துவர்களுக்குப் பல சத்துகள் கலந்த மல்டிவைட்டமின் மாத்திரையைச் சுமார் 11 ஆண்டுகள் கொடுத்த ஆய்வில், மொத்தப் புற்றுநோய் 8 விழுக்காடு குறைந்ததாக 2012-ல் வெளிவந்தது. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சி-யின் ஆற்றலைத் தம் பிற்கால வாழ்வில் தொடர்ந்து வலியுறுத்தினார்.

நம் மக்களில் பெரும்பாலோருக்கு இரும்பு, பி12, டி ஆகியவை குறைவாகத்தான் இருக்கின்றன. நன்கு உண்டு வாழும் பின்லாந்துக்காரர்களின் முடிவை நம்முடைய குறைபாடுள்ள உடலுக்கு அப்படியே பொருத்துவது சரியா? அதிகமாகக் கொடுத்தால் கெடுதல் என்பதற்காக, குறைவாக இருப்பவர்களுக்குக் கொடுப்பதையும் அச்சத்துக்கு உரியதாக ஆக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

இளவேனில் எழுதிய பதில்

ஐயா, நீங்கள் எழுப்பிய கேள்வி மிகவும் தேவையானது. லின்ஷியனை நான் மறைக்கவில்லை, பீட்டா கரோட்டினோடு பதில் நீண்டுவிட்டதால் அங்கே நிறுத்திக்கொண்டேன்.

ஹெனான் மாகாணத்தில் உள்ள லின்ஷியனில் 1986 முதல் 1991 வரை 29,584 பேரிடம் அந்த ஆய்வு நடந்தது. பல சத்துகள் நெடுங்காலமாகப் பற்றாக்குறையாக இருந்த மக்கள் அவர்கள். பழமும் காய்கறியும் ஆண்டின் பெரும்பகுதியில் அரிது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவுகளையும் பாருங்கள்: பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், வைட்டமின் ஈ 30 மில்லிகிராம், செலினியம் 50 மைக்ரோகிராம். சகோதரியின் வீட்டு டப்பாவில் உள்ள செலினியம் இதைப்போல் நான்கு மடங்கு, வைட்டமின் ஈ பத்து மடங்குக்கும் மேல். நீங்கள் சொன்ன 13 விழுக்காடு உண்மை. அது முக்கியமாக இரைப்பைப் புற்றுநோய் இறப்பு 21 விழுக்காடு குறைந்ததால் கிடைத்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நம்பத்தகுந்த குறைவு ஏற்படவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து அதே மக்களைப் பின்தொடர்ந்தபோது தெரிந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஆய்வு தொடங்கியபோது 55 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களிடம் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இறப்பு 17 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு மேற்பட்டவர்களிடம் 14 விழுக்காடு கூடியிருந்தது. முளைவிட்ட செல்லைப் பற்றி நான் முன்பு எழுதியதோடு இது பொருந்திவருகிறது. உணவுக்குழாயில் ஏற்கெனவே செல் மாற்றங்கள் கண்டறியப்பட்ட 3,318 பேருக்கு அதே பகுதியில் தனியாகப் பல்சத்து மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை. ஆகவே லின்ஷியன் நமக்குச் சொல்வது, பட்டினி கிடந்த உடலின் குறையைச் சிறு அளவில் நிரப்பினால் நன்மை வரலாம் என்பதே. குறை இருக்கிறதா என்று பாராமலே பெரிய அளவில் கொடுப்பதற்கு அது சான்றாகாது. இந்த இடத்தில் உங்கள் கருத்தும் என் கருத்தும் வேறல்ல என்றே நினைக்கிறேன்.

மல்டிவைட்டமின் முடிவை நான் மதிக்கிறேன். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 18.3 பேருக்கு வந்த புற்றுநோய் 17.0 ஆகக் குறைந்தது என்பதுதான் அந்த 8 விழுக்காட்டின் உண்மையான அளவு. 21,442 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து அதே குழுவைச் சார்ந்தவர்கள் நடத்தி 2022-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் அந்தப் பயன் மீண்டும் தெரியவில்லை. மல்டிவைட்டமின் கெடுதல் செய்ததாகச் சான்று இல்லை. அதனால் சாப்பிடுபவர்களை நான் தடுக்க மாட்டேன். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022 ஜூனில் வெளியிட்ட பரிந்துரையும் இப்படித்தான் பிரித்துப் பேசுகிறது: புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் எடுக்க வேண்டாம், மல்டிவைட்டமினைப் பற்றி ஆமென்றோ இல்லையென்றோ சொல்லப் போதிய சான்று இல்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் இன்னும் நேரடியாகச் சொல்கிறது: தடுப்புக்காக மாத்திரைகளை நம்ப வேண்டாம், தேவையான சத்தை உணவிலிருந்து பெறுங்கள்.

லைனஸ் பாலிங் பெரும் அறிஞர். ஆனால் அவருடைய ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்தால் கூடுதல் காலம் வாழ்கிறார்களா என்பதைப் பற்றியது. குலுக்கல் முறையில் பிரிக்காமல், பழைய நோயாளிகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 1979-லும் 1985-லும் முறைப்படி சோதித்தபோது வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சி பயன் தரவில்லை. தடுப்பைப் பொறுத்தவரை, நீங்கள் குறிப்பிட்ட அதே மருத்துவர்களிடம் நாளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய் குறையவில்லை.

நமக்கு மிக அருகில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், புகையிலைப் பழக்கத்தால் வாயில், பின்னர் புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலம் வந்த 160 பேருக்கு ஓராண்டு காலம், சிலருக்கு வாரம் 3 லட்சம் ஐ.யு. வைட்டமின் ஏ, சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 1997-ல் வெளியான முடிவு முதல் பார்வையில் மிகுந்த நம்பிக்கை தந்தது. வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் படலம் முற்றிலும் மறைந்தது; வெற்று மாத்திரையில் அது 10 விழுக்காடுதான். ஆனால் மருந்தை நிறுத்தியதும், குணமடைந்தவர்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது திரும்பிவந்தது. அந்த அளவு வைட்டமின் ஏ-யை வாழ்நாள் முழுவதும் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. புகையிலை வாயில் இருக்கும்வரை மாத்திரையின் வேலை நிலைக்காது என்பதை நம் மண்ணுக்கு அண்மையிலேயே பார்த்துவிட்டோம்.

கிராமச்_செவிலியர் எழுதிய பதில்

சகோதரி, உங்கள் நாத்தனாரைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. அதுதான் அவசரமானது என்பதால் அதை முதலில் எழுதுகிறேன். கீமோதெரபி நடக்கும்போது அவருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 1,134 பேரிடம் அவர்கள் சாப்பிட்ட சத்து மாத்திரைகளைப் பற்றிக் கேட்டுப் பதிவுசெய்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் ஏ, சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பிவருவது கூடுதலாக இருந்தது; பி12, இரும்பு மாத்திரைகளோடும் அத்தகைய தொடர்பு தெரிந்தது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதால் இறுதியான சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கனடாவின் கியூபெக்கில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் குலுக்கல் முறையிலேயே 400 ஐ.யு. வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் புதிதாக இரண்டாவது புற்றுநோய் வருவது கூடியிருந்தது. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் புற்றுநோய்ச் செல்லை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலை மழுங்கச் செய்யும் பொருளை நாமே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். இரத்தசோகை இருந்து மருத்துவர் இரும்பு எழுதியிருந்தால் அது வேறு. அதை நிறுத்தக் கூடாது. வீட்டில் எது கொடுப்பதாக இருந்தாலும், அது கஷாயமாகவே இருந்தாலும், சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் டப்பாவோடு காட்டிக் கேளுங்கள். சாப்பிடப் பிடிக்காமல் போகும் நாள்களில் முட்டை, பருப்பு, தயிர், கூழ் என்று சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது பெரிய உதவி.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை எங்கே திருப்ப வேண்டும் என்பதில்தான் அக்கறை வேண்டும். உணவுக்குழாய், நுரையீரல், வாய், தொண்டை என்று நான்கு இடங்களிலும் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்களில் ஒன்றாக இருப்பது புகையிலை. புகையை நிறுத்திய பத்து ஆண்டுகளில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோயில் எந்தச் சத்து மாத்திரையும் இப்படிச் செய்ததில்லை. நிறுத்த உதவி வேண்டுமென்றால் மத்திய அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்கிறது.

பரிசோதனையின் பயனையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பெரிய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துபவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிச் செவிலியர்கள் பார்த்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கூடம் வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம், பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் நல்ல வெளிச்சமும் போதும். என் பணியில் நான் பெருமையாகக் கருதுவது இதைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களும் உங்கள் மாமியாரும் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனையும், கணவர் வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். அதுவும், கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் வைரஸைத் தடுக்கப் பிறந்ததும் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும்தான் புற்றுநோயைத் தடுக்க இன்று நம் கையில் இருக்கும் தடுப்பூசிகள்.

பவானிக்கரை எழுதியது

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மருந்தாளுநர் சொன்ன வாசகம் மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. இந்தப் பதில்களைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். நாத்தனாருக்குக் கொடுப்பதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். தன்னைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கச் சொன்னார்: ஏற்கெனவே சில வாரங்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். அதனால் கெடுதல் ஏற்பட்டிருக்குமா? அவருக்கு பி12 குறைவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டுமா?

இளவேனில் எழுதிய பதில்

சில வாரங்கள் சாப்பிட்டதற்காக அவர் அஞ்ச வேண்டாம், சகோதரி. பின்லாந்து ஆய்வில் தீமை தெரிந்தது பல ஆண்டுகள் நாள் தவறாமல் சாப்பிட்டவர்களிடம். அங்கேயும் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துவிட்டது. இன்றோடு நிறுத்திவிட்டால் போதும். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை எதையும் குறைக்க வேண்டியதில்லை.

பி12-ஐ நிறுத்தக் கூடாது. இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து, அதற்கான அளவில், அதற்கான காலத்துக்கு எழுதப்பட்ட மருந்து அது. எழுதிய காலம் முடிந்ததும் தானாக வாங்கித் தொடராமல், மறுபடி இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பி6, பி12 ஆகியவற்றை மிக அதிக அளவில் பல ஆண்டுகள் சாப்பிட்டுவந்த, புகைக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாக 2017-ல் ஒரு கணக்கெடுப்பு வந்திருக்கிறது. அது கணக்கெடுப்புதான், முடிந்த முடிவல்ல. ஆனாலும் அவர் புகைப்பவர் என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அதையே முதலில் சொல்லட்டும்.